டவுன் சிண்ட்ரோம் உள்ள 4 வயது மகன்: எல்.கே.ஜி. சேர்க்கை, வீட்டிலும் பள்ளியிலும் பேசும் முறை

கேள்வி: ஆற்றங்கரை (திருநெல்வேலி)

வணக்கம். மகனுக்கு 4 வயது முடியப்போகிறது. ட்ரைசோமி 21 (21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதல், அதுதான் டவுன் சிண்ட்ரோம்) என்று குரோமோசோம் ரிப்போர்ட் இருக்கிறது. இதயத்தில் இருந்த சின்ன ஓட்டை தானாகவே மூடிவிட்டது, எக்கோ பார்த்தாயிற்று. நன்றாக நடக்கிறான், கைப்பிடியைப் பிடித்துப் படி ஏறுகிறான். சொல்வது நிறையப் புரிகிறது. ஆனால் தெளிவாக வருவது பத்துப் பதினைந்து வார்த்தைதான். ஜூனில் வீட்டுப் பக்கத்துப் பள்ளியில் எல்.கே.ஜி. சேர்க்கப்போகிறோம்.

என் கேள்விகள் மூன்று. பள்ளியில் இவனைப் பற்றி எதைச் சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும்? கூட்டுக் குடும்பம் எங்களுடையது. "மந்தம்", "லேட் பிக்கப்", "சொன்ன பேச்சு கேக்காது", "பாவம், சாமிப் பிள்ளை" என்று பெரியவர்கள் சொல்வதை இப்போது பெரியப்பா பிள்ளைகளும் சொல்கிறார்கள். முகம் முறியாமல் இதை எப்படித் திருத்துவது? மூன்றாவது, பேச்சுக்கு வீட்டில் என்ன செய்யலாம்?

---

பதில்: குழந்தைநல மருத்துவர்

உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன், அதில் மருத்துவமும் இருக்கிறது. இந்தக் குழந்தைகள் மேல் ஒட்டும் பெயர்களில் பல, யாரும் சோதித்துப் பார்க்காத ஓர் உடல் காரணத்தை மூடி மறைக்கின்றன.

"சொன்ன பேச்சு கேக்காது" என்கிறார்கள் என்றால் முதலில் காதைப் பாருங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்குக் காதுத் துளையும், நடுக்காதைத் தொண்டையோடு இணைக்கும் குழாயும் குறுகலாக இருக்கும். அதனால் செவிப்பறைக்குப் பின்னால் பசை மாதிரி நீர் தேங்கும். சீழ் வடியாது, பெரிய வலியும் இராது, ஆகவே யாருக்கும் தெரியாது. ஆனால் சத்தம் 20 முதல் 40 டெசிபல் வரை குறைந்து கேட்கும். மடியில் உட்கார வைத்துப் பேசினால் புரியும், அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் கேட்காது. சளி பிடித்த வாரம் இன்னும் மோசமாகும், பிறகு தெளியும். "அவனுக்கு வேணும்னா கேக்குது" என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றுவது இதனால்தான். டிம்பனோமெட்ரியும் (செவிப்பறையின் அசைவைப் பார்க்கும் சோதனை) வயதுக்கேற்ற செவித்திறன் சோதனையும் 6 மாதத்துக்கு ஒரு முறை வேண்டும். இரண்டு காதும் தனித்தனியாகச் சரி என்று வந்தபின் வருடத்துக்கு ஒரு முறை போதும். பிறந்தபோது 'பாஸ்' என்று கொடுத்த ரிப்போர்ட்டை இன்றைக்குக் கணக்கில் எடுக்காதீர்கள். காதில் எண்ணெய் விடுவதும் பட்ஸ் போடுவதும் வேண்டாம்.

"மந்தம்", "சோம்பேறி" என்ற சொற்களுக்குப் பின்னால் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது தைராய்டு. அறிகுறி இல்லாவிட்டாலும் டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை வருடம் ஒரு முறை. மலச்சிக்கல், உலர்ந்த தோல், மெதுவான அசைவு எல்லாவற்றையும் வீட்டில் "அவன் அப்படித்தான்" என்று விட்டுவிடுவார்கள், குறைபாடு மாதக்கணக்கில் தெரியாமலே போகும். இரண்டாவது ரத்தத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் இரும்புச்சத்து இருப்பு). மூன்றாவது தூக்கம். உட்கார்ந்து முன்பக்கம் மடங்கியோ, கழுத்தைப் பின்னுக்கு வளைத்தோ தூங்கினால் மூச்சுப் பாதை அடைபடுகிறது என்று பொருள். இந்தக் குழந்தைகளுக்கு 4 வயதுக்குள் தூக்க ஆய்வு ஒன்று செய்துவிடச் சொல்கிறோம், குறட்டை இல்லாவிட்டாலும்கூட. வெளியே கேட்கும் சத்தத்தை வைத்து அடைப்பின் அளவைச் சொல்ல முடியாது.

"நாக்கு பெரிசு" என்பதும் அப்படித்தான். பெரும்பாலும் வாய் சிறியது, நாக்குத் தசையின் இறுக்கம் குறைவு. மூக்கடைப்பும் அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதை) வீக்கமும் சேர்ந்தால் வாய் திறந்தே இருக்கும். "நாக்கை உள்ள போடு" என்று நாள் முழுக்க அதட்டுவதைவிட மூக்கடைப்பைச் சரிசெய்வது பலன் தரும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், கூட்டுக் குடும்பங்களில் பழி தாய் மேல் விழுவதால். சொந்தத்தில் கல்யாணம் செய்ததாலோ, கிரகணத்தில் வெளியே வந்ததாலோ, சாப்பாட்டாலோ, மாத்திரையாலோ இது வருவதில்லை. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது 21-ஆம் குரோமோசோம் பிரியாமல் நின்றுவிடுகிறது, யாரும் செய்ததல்ல. நூற்றில் 95 பேருக்கு இப்படித்தான். மூன்று நான்கு பேருக்கு இடமாற்ற வகை (கூடுதல் 21 வேறொரு குரோமோசோமோடு ஒட்டியிருப்பது) இருக்கும், அதற்கு மட்டும் அப்பா, அம்மா இருவருக்கும் குரோமோசோம் பரிசோதனை செய்வோம். உங்கள் ரிப்போர்ட்டில் மொத்தக் குரோமோசோம் 47 என்று இருந்து, தனி 21 கூடுதலாக இருந்தால் அது வேண்டியதில்லை.

---

பதில்: முல்லை (பெற்றோர் குழு ஒருங்கிணைப்பு)

டாக்டர் சொன்னது சகோதரிக்கு வீட்டில் பெரிய கைத்துணை. பெரியவர்களிடம் "அப்படிச் சொல்லாதீங்க" என்று நிறுத்தினால் வாக்குவாதம்தான் வரும். அந்த இடத்தில் வேறு ஒரு வாக்கியத்தை வைத்துவிட்டால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். அதுவும் சுருக்கமாக, அதே நொடியில், குரல் உயர்த்தாமல்.

"மந்தம்" என்று மாமியார் சொன்னால்: "அவனுக்குப் பதில் சொல்ல நேரம் எடுக்கும் அத்தை, பத்து எண்ணுற வரை பொறுங்க, சொல்லுவான்." பொறுத்துப் பார்த்து அவன் பதில் சொல்லும்போது அவரே பார்த்துக்கொள்வார். "கேக்காது" என்றால்: "காதுல நீர் கோத்திருக்கான்னு பாக்கணும் மாமா, முன்னாடி வந்து சொல்லுங்க." பாருங்கள், இரண்டிலும் கண்டனம் இல்லை, செய்ய ஒரு வேலை இருக்கிறது. பெரியவர்களுக்கு வேலை கொடுத்தால் அவர்கள் பேச்சு மாறும். தாத்தாவிடம் தினமும் சாயங்காலம் பந்து உருட்டும் பொறுப்பைக் கொடுங்கள். ஒரு மாதத்தில் "இன்னைக்கு மூணு தடவ பிடிச்சுட்டான்" என்று அவர் பேச ஆரம்பிப்பார்.

"சாமிப் பிள்ளை", "தெய்வக் குழந்தை" என்பவை அன்பில் வருகிற சொற்கள், அதனால் அவற்றைத் தொட எல்லோருக்கும் தயக்கம். ஆனாலும் தொடத்தான் வேண்டும். தெய்வக் குழந்தையை யாரும் கண்டிப்பதில்லை, தட்டைக் கழுவச் சொல்வதில்லை, 16 வயதில் அவனுக்கும் வெட்கம், கோபம், ஆசை எல்லாம் உண்டு என்று நினைப்பதும் இல்லை. "எப்பவும் சிரிச்ச முகம்" என்பதிலும் இதே ஆபத்துதான், வயிற்று வலியோ பல் வலியோ கவனிக்கப்படாமல் போகும். "அவனும் நம்ம வீட்டுப் பிள்ளை தான் அத்தை, தம்பிக்குச் சொல்ற மாதிரியே சொல்லுங்க" என்பது போதும்.

பெரியப்பா பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் எளிது. ஏழெட்டு வயதுக்கு இவ்வளவு போதும்: "அவன் உடம்புல ஒவ்வொரு செல்லுலயும் ஒரு குரோமோசோம் கூட இருக்கு. அதனால பேச்சும் ஓட்டமும் மெதுவா வருது. இது ஒட்டிக்காது, நோயும் இல்ல. நீ ஒவ்வொண்ணாச் சொன்னா அவனுக்குப் புரியும்." கூடவே ஒரு விதி வைத்துவிடுங்கள்: அவனைத் தூக்கிக்கொண்டு திரியக் கூடாது, அவனுக்குப் பதிலாகப் பதில் சொல்லக் கூடாது, ஆட்டத்தில் அவன் முறை வந்தால் விட்டுக்கொடுக்காமல் ஆட வேண்டும்.

சொற்களைப் பற்றி: 'டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை' என்று சொல்லுங்கள். 'டவுன் குழந்தை', 'டவுன் கேஸ்', 'ஸ்பெஷல் சைல்டு' வேண்டாம். 'பாதிக்கப்பட்ட', 'அவதிப்படும்' வேண்டாம். 'நார்மல் குழந்தைகள்' என்பதற்குப் பதில் 'மற்ற குழந்தைகள்'. பழைய மருத்துவச் சீட்டுகளில் 'மங்கோல்', 'மங்கோலாய்டு' என்று எழுதியிருப்பார்கள். 1866-இல் லாங்டன் டவுன் என்ற ஆங்கிலேய மருத்துவர் முகச்சாயலை வைத்து ஓர் இனத்தின் பெயரைச் சூட்டினார். 1959-இல் கூடுதல் குரோமோசோம்தான் காரணம் என்று தெரிந்த பிறகு, 1961-இல் விஞ்ஞானிகள் பலர் சேர்ந்து 'லான்செட்' இதழில் அந்தப் பெயரை விடச் சொல்லி எழுதினார்கள். மங்கோலிய நாடு கேட்டுக்கொண்டதன் பேரில் 1965-இல் உலக சுகாதார நிறுவனமும் விட்டுவிட்டது. இன்றைக்கும் யாராவது எழுதினால் "ட்ரைசோமி 21 என்று எழுதித் தாங்க" என்று கேளுங்கள், மாற்றித் தருவார்கள். அந்தச் சீட்டு நாளைக்குப் பள்ளிக்கும் சான்றிதழுக்கும் போகும்.

இன்னொன்று, இது எல்லாச் சொற்களையும்விட முக்கியம்: அவன் நிற்கும்போது அவனைப் பற்றி மூன்றாம் ஆளாகப் பேசாதீர்கள். "இவன் சாப்பிட்டானா?" என்று யாராவது உங்களைக் கேட்டால், குனிந்து அவனிடமே கேளுங்கள். புரிதல் பேச்சைவிட எவ்வளவோ முன்னால் இருக்கிறது. நாம் பேசுவது அவனுக்குக் கேட்கிறது, புரிகிறது.

---

பதில்: பேச்சு மொழிப் பயிற்சியாளர், மதுரை

பேச்சு பற்றி மட்டும். உங்கள் மகனுக்குப் புரிவது அதிகம், சொல்வது குறைவு என்கிறீர்கள், டவுன் சிண்ட்ரோமில் பெரும்பாலும் அப்படித்தான். காதால் கேட்டதை நினைவில் நிறுத்துவது கடினம், கண்ணால் பார்த்தது நன்றாக நிற்கும். ஆகவே வார்த்தையைக் கண்ணுக்குக் காட்ட வேண்டும்.

சைகை: 'வேணும்', 'போதும்', 'இன்னும்', 'தண்ணி', 'வலிக்குது', 'பாத்ரூம்'. இந்த ஆறையும் வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி, வாயால் சொல்லிக்கொண்டே காட்டுங்கள். "சைகை பழகினால் பேச மாட்டான்" என்பார்கள், அது தவறு. சொல் வாயில் தெளிவாக வந்ததும் சைகை தானாக விழுந்துவிடும். சைகை இல்லாத பிள்ளை தேவையைக் காட்ட அடிப்பான், தள்ளுவான். அதற்கு 'முரடு' என்று பெயர் வரும்.

வார்த்தை அட்டை: தபால் அட்டை அளவு வெள்ளை அட்டையில் ஒரு விரல் உயரத்துக்குத் தடித்த கறுப்பு எழுத்தில் 'அம்மா', 'அப்பா', 'பால்', 'பந்து'. ஒவ்வொன்றுக்கும் ஒரு போட்டோ. முதல் கட்டத்தில் அட்டையை அட்டையோடு சேர்க்க வேண்டும். பிறகு "பால் எடு" என்றால் எடுக்க வேண்டும். கடைசியில்தான் "இது என்ன?" பலர் கடைசிக் கட்டத்தில் ஆரம்பிப்பதால் பிள்ளை அட்டையைக் கண்டாலே எழுந்து ஓடுகிறான். ஒரு நேரத்தில் நான்கு அட்டைக்கு மேல் வேண்டாம், ஐந்து நிமிடம், நாளைக்கு இரண்டு முறை. அ, ஆ முடித்துவிட்டுத்தான் வார்த்தை என்று காத்திருக்க வேண்டியதில்லை. இந்தப் பிள்ளைகள் முழு வார்த்தையைப் படம்போலப் பிடித்துக்கொள்வார்கள், எழுத்து பின்னால் வரும்.

அவன் "பா" என்று சொன்னால் "தப்பு, பால்னு சொல்லு" என்று திருப்பிக் கேட்காதீர்கள். "பால்! பால் வேணும். இந்தா பால்" என்று நீங்கள் சரியாகச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். அவன் ஒரு சொல் சொன்னால் நீங்கள் இரண்டு சொல், அவன் இரண்டு சொன்னால் நீங்கள் மூன்று.

ஊதல், பலூன் ஊதுவது விளையாட்டுக்கு நல்லது, அதனால் பேச்சு வராது. நாக்கில் வசம்பு உரைத்துத் தடவுவதாலும் வராது, விட்டுவிடுங்கள். "வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள்" என்று பள்ளியில் சொன்னால் அதையும் கேட்க வேண்டாம். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளும் இரண்டு மொழி பழகுகிறார்கள், வீட்டுத் தமிழ் அதற்குத் தடையில்லை. ஆச்சியோடு பேச முடியாமல் ஆக்கிவிட்டு இங்கிலீஷ் கொடுப்பது அவனுக்கு நஷ்டம்.

---

பதில்: சிறப்பாசிரியை (வட்டார வள மையம்)

பள்ளிக்கு ரிப்போர்ட் கட்டைக் கொண்டுபோய்க் கொடுக்காதீங்க. ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க. ரிப்போர்ட்டில் இருப்பது அவனால் முடியாதது. டீச்சருக்குத் தேவை, திங்கட்கிழமை காலையில் என்ன செய்ய வேண்டும் என்பது.

இப்படி எழுதலாம்: "கூப்பிடும் பெயர் இது. டவுன் சிண்ட்ரோம் உண்டு. முன்வரிசையில், டீச்சர் முகம் தெரியும்படி உட்கார வைக்கவும். ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லவும், சொல்லிவிட்டுப் பத்து வரை மனதில் எண்ணவும், அதற்குள் திரும்பச் சொல்ல வேண்டாம். இந்த ஆறு சைகைகள் தெரியும் (படம் இணைத்துள்ளோம்). பிடித்தது பந்து, பாட்டு. பயம் மிக்ஸி மாதிரித் திடீர்ச் சத்தம். பாத்ரூமுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை அழைத்துப் போகவும், அவனாகக் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம்." இடையில் திரும்பச் சொல்லக் கூடாது என்பதை அடிக்கோடிடுங்க. இரண்டாம் முறை சொன்னால் முதலில் கேட்டதை விட்டுவிட்டு மறுபடி ஆரம்பத்திலிருந்து யோசிப்பான்.

நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையில் படணும். தசை இறுக்கம் குறைவான பிள்ளைக்குக் கால் தொங்கினால் உடம்பைத் தாங்கவே சக்தி போய்விடும், எழுத்துக்கு மிச்சம் இருக்காது. காலுக்கடியில் ஒரு மரப்பலகை போதும். பென்சில் வேண்டாம், குட்டையான தடித்த கிரேயான் கொடுங்க. பட்டன், ஜிப் இல்லாத எலாஸ்டிக் கால்சட்டை. சாப்பாட்டு டப்பாவை அவனே திறக்கிற மாதிரி வாங்கி, ஏப்ரல், மே முழுக்க வீட்டில் பழக்குங்க.

தரையில் உட்கார்ந்துகொண்டு எழ மறுப்பது நிச்சயம் ஒருநாள் நடக்கும். 'பிடிவாதம்' என்று டைரியில் எழுதும் முன் மூன்று விஷயம் பார்க்கச் சொல்லுங்க: களைத்துவிட்டானா, அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் நிற்கிறானா, செய்துகொண்டிருந்ததை முடிக்கவில்லையா? அன்றைய நிகழ்ச்சிகளை ஐந்து போட்டோவாகச் சுவரில் ஒட்டி, முடிந்ததை அவனே கழற்றிப் போட்டால் இரண்டாவது காரணம் பெருமளவு போய்விடும். கையைப் பிடித்து இழுப்பது வேண்டவே வேண்டாம், மூட்டு தளர்ந்த பிள்ளை.

வகுப்புப் பிள்ளைகளிடம் நோய்ப்பெயர் சொல்லி அறிமுகம் செய்வது நாலு வயதுக்குத் தேவையில்லை. என்ன சொல்வது என்பதை உங்களைக் கேட்டுத்தான் சொல்லணும் என்று டீச்சரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்க. ஆண்டுவிழாவில் அவனைப் பூங்கொத்து கொடுக்க மட்டும் நிறுத்தினால், "மற்றவர்களோடு வரிசையில் ஆடட்டும்" என்று கேளுங்க.

முல்லை சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு வேறு கருத்து. 'ஸ்பெஷல் சைல்டு' என்று நிறையப் பெற்றோரே சொல்கிறார்கள், அவர்களைத் திருத்தி நேரத்தைச் செலவிட வேண்டாம். பள்ளி ஊழியர்கள் பெயருக்குப் பதிலாக அதைச் சொல்லும்போது மட்டும் தலையிடுங்க. "அந்த ஸ்பெஷல் சைல்டை வரச் சொல்லு" என்று சொல்லவே கூடாது.

---

பதில்: முல்லை

ஏற்கிறேன். பெற்றோரைத் திருத்த வேண்டாம். ஆனால் எழுத்தில் வரும்போது, அழைப்பிதழோ அறிவிப்புப் பலகையோ, மாற்றச் சொல்லலாம்.

---

பதில்: சட்ட உதவி

சுருக்கமாக, தேவையானவை மட்டும்.

அரசு மருத்துவமனையில் மாற்றுத்திறனாளி சான்றிதழ் எடுத்து, யு.டி.ஐ.டி. அட்டைக்கு (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை) ஆன்லைனில் பதிவு செய்யுங்கள். 5 வயதுக்குள் 'வளர்ச்சித் தாமதம்' என்று தற்காலிகமாகவே கொடுப்பார்கள், பிறகு மறுமதிப்பீடு உண்டு. உளவியலாளர் கேட்கும் கேள்விகள் அன்றாடச் செயல்கள் பற்றியவை, உதவியோடு செய்வதையும் தானாகச் செய்வதையும் பிரித்துச் சொல்லுங்கள். பாசத்தில் கூட்டிச் சொன்னால் சதவீதம் குறைந்து, 40-க்குக் கீழே போனால் பல சலுகைகள் கிடைக்காது. தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டில் வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு, பயிற்சிக் கட்டணமும் அதில் கேட்கலாம். பழைய வரிமுறையில் இருந்தால் வருமான வரியில் (1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 80டிடி பிரிவு) 75,000 ரூபாய் கழிவு.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 16-ஆம் பிரிவு: அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும். "இடமில்லை" என்று வாயால் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் மனு.

92-ஆம் பிரிவு, பொது இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதித்தால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் "லேட் பிக்கப்" என்றதற்கு இதை எடுக்காதீர்கள், நோக்கம் நிரூபிக்கப்பட வேண்டும். பள்ளி வாகனத்தில் தொடர்ந்து கேலி என்றால் தேதி, நேரம், சாட்சி எழுதி வையுங்கள். காட்சி ஊடகங்களில் மாற்றுத்திறனாளிகளைச் சித்திரிப்பது பற்றி உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. இழிவான சொற்களைத் தவிர்க்க வேண்டும் என்பது அதில் முதல் விஷயம்.

---

ஆற்றங்கரை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கடிதத்தை இந்த வாரமே எழுதிவிடுகிறேன். ஒன்று மட்டும்: பள்ளியில் ஜிம்னாஸ்டிக்ஸ் மாதிரி ஒரு பீரியட் இருக்கிறது, குட்டிக்கரணம் போட வைக்கிறார்கள். விடலாமா?

---

பதில்: குழந்தைநல மருத்துவர்

குட்டிக்கரணம், தலைகீழ் நிற்பது, டிராம்போலின் மூன்றும் வேண்டாம். கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளைப் பிடிக்கும் தசைநார் தளர்வாக இருப்பதால், கழுத்து வளைந்து எடை விழும்போது தண்டுவடம் அழுந்தலாம். ஓட்டம், பந்து, நடனம், நீச்சல் எல்லாம் தாராளமாக, நீச்சலில் தலைகீழாகக் குதிப்பது தவிர. விளையாட்டு பீரியடில் தனியே உட்கார வைத்துவிடக் கூடாது. குட்டிக்கரணம் போடும் நேரத்தில் அவன் பக்கவாட்டில் உருளலாம்.

அறிகுறி இல்லாத குழந்தைக்கு எக்ஸ்ரே வழக்கமாக எடுப்பதில்லை, எடுத்தாலும் அதை வைத்துக் கழுத்துப் பிரச்சினை பின்னால் வராது என்று உறுதி சொல்ல முடியாது. அறிகுறிகளைத்தான் கவனிக்க வேண்டும்: கழுத்து வலி அல்லது தலை ஒருபக்கம் சாய்ந்தே இருப்பது, நடை புதிதாகத் தடுமாறுவது, கையில் பிடித்ததை நழுவ விடுவது, பாத்ரூம் பழகிய பிள்ளை திடீரென்று உடையில் போக ஆரம்பிப்பது. எதைக் கண்டாலும் கழுத்தை அசைக்காமல் அன்றைக்கே மருத்துவமனை. எந்த அறுவைக்கு மயக்க மருந்து கொடுத்தாலும் முன்கூட்டியே மயக்கவியல் மருத்துவரிடம் டவுன் சிண்ட்ரோம் என்று சொல்லுங்கள். இந்த நான்கு அறிகுறிகளையும் பள்ளிக் கடிதத்தின் பின்பக்கத்தில், உங்கள் போன் நம்பருக்கு மேலே எழுதிவிடுங்கள். நடை தடுமாறுவதையும் உடையில் போவதையும் வகுப்பில் 'அடம்' என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.